ஜூன் மாதம் நிறுத்திவிடாதீர்கள்: நீச்சல் முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் திருச்சிப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திருச்சியில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள் நான். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் இருப்பவர்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் காலையே நீச்சல் குளத்து வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மே மாதக் கடைசி வரை அப்படித்தான். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே குளம் காலியாகிவிடும். அதைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல். பேச்சோடு பேச்சாக வேறு சிலதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் ஆற்றை நினைத்துக்கொண்டு நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காவிரிப் பாலத்தில் நின்றால் மணல்தான் கண்ணுக்குத் தெரியும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. சில ஆண்டுகளில் முன்பின்னாகும். திறந்த சில நாட்களில் தண்ணீர் முக்கொம்புக்கு வந்துவிடும். கர்நாடகத்தில் மழை வலுத்தால் உபரி நீர் கொள்ளிடத்தில் ஓடும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு, அம்மா மண்டபம் படித்துறையில் நிற்க இடமிருக்காது. ஆக, ஆறு வறண்டு கிடக்கிற இரண்டு மாதம் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு நடக்கிறது. ஆற்றில் தண்ணீர் வருகிற நேரத்தில் வகுப்பு நின்றுபோகிறது.

கோடையில் கற்றதை உடம்பு சீக்கிரம் மறந்துவிடும். 'எனக்கு நீச்சல் தெரியும்' என்ற நினைப்பு மட்டும் போகாது. வீட்டில் சான்றிதழ் வேறு இருக்கிறது. நீச்சல் தெரியாத பிள்ளை படித்துறையில் இரண்டாம் படியோடு நின்றுகொள்ளும். அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைதான் நான்காம் படிக்கு இறங்கும். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் பயம்.

பன்னிரண்டு நாள், பதினைந்து நாள், இருபத்தொரு நாள் என்று முகாம்கள் நடக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை அதற்குள் ஓரளவு தேறிவிடும், உண்மைதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் அழுகை. அதில் தவறே இல்லை. தண்ணீர் குளிர்கிறது, எல்லாக் குரலும் எதிரொலிக்கிறது, முன்பின் தெரியாத ஒருத்தி கையை நீட்டி வா வா என்கிறாள். அழாமல் என்ன செய்யும்? படியில் உட்கார வைத்துக் காலை அடிக்கச் சொல்வேன். கப்பில் தண்ணீர் மொண்டு தோளில் ஊற்றுவேன். தலையில் ஊற்றிக்கொள்ள அதுவாகவே சம்மதிக்கும்வரை காத்திருப்பேன். அப்புறம் வாயைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விடுவது. மேலே உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரிகிறது. 'ரெண்டு நாளா பபிள்தான் விட்டுட்டிருக்கான்' என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வது என் காதில் விழுகிறது. தண்ணீருக்குள் மூச்சை விட்டு, வெளியே வந்து இழுக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்தக் கைவீச்சைச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை. மூச்சை அடக்கிக்கொண்டே கொஞ்சத் தூரம் போகும். அடக்க முடியாதபோது தலையைத் தூக்கும். தலையைத் தூக்கினால் கால் தாழும், உடம்பு நெட்டுக்குத்தாக நின்றுவிடும், பிறகு தண்ணீர் குடிக்கும். அதனால்தான் குமிழியோடு இத்தனை நாள் மல்லுக்கு நிற்கிறேன்.

அடுத்தது கண். தண்ணீருக்குள் நான் காட்டுகிற விரலை எண்ணச் சொல்வேன். முதலில் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். என்றாவது ஒருநாள் ஒரு பிள்ளை உண்மையிலேயே பார்த்துவிட்டு மேலே வந்து, மூக்கில் தண்ணீர் வழிய, 'மூணு!' என்று கத்தும். அந்த முகத்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். நீங்கள் பெரும்பாலும் அப்போது போனில் இருக்கிறீர்கள்.

எல்லாவற்றிலும் கடினம் மல்லாக்க மிதப்பது. காது தண்ணீருக்குள் போனதும் வெளிச்சத்தம் அடங்கிவிடும், பிள்ளைக்கு அது பிடிக்காது. என் முகம் தலைகீழாகத் தெரியும், அதுவும் பிடிக்காது. கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்கும், உடனே இடுப்பு மடங்கி உட்கார்ந்துவிடும். என் உள்ளங்கை ஒன்று பின்னந்தலைக்கு அடியில், இன்னொன்று முதுகுக்கு அடியில். நாள்கணக்கில் இப்படித் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு ஒருநாள் கழுத்து தளரும். அந்தத் தலையின் கனம் முழுவதும் என் கையில் வந்து இறங்கும். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிடும், இந்தப் பிள்ளை இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று. ஒவ்வொரு விரலாக எடுப்பேன். கடைசி விரலை எடுத்தது அதற்குத் தெரியாது. நெஞ்சு நிறையக் காற்றோடு கையை விரித்துக்கொண்டு அதுபாட்டுக்குக் கிடக்கும். 'மிஸ், பிடிச்சிருக்கீங்கள்ல?' 'இல்லையே.' சிரிக்கும். சிரித்ததும் வாயில் தண்ணீர் போய் இருமும். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'இன்னொரு தடவை மிஸ்' என்று கேட்கும். முந்தின நாள்வரை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத பிள்ளை அது. இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற பெரிய கூலி இதுதான், சம்பளம் இதற்குப் பிறகுதான்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஓடி வந்து உங்களிடம் சொன்னால், 'சரி மிஸ், எப்போ ஸ்விம் பண்ணுவான்?' என்று கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறொரு குளத்தில் ஒரே வாரத்தில் குறுக்கே போய்விட்டதாகச் சொல்கிறீர்கள். போயிருக்கலாம். குளத்தின் குறுக்கே போவதற்கும் தவறி விழுந்த இடத்திலிருந்து உயிரோடு வெளியே வருவதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது. விழுந்த பிள்ளை செய்ய வேண்டியது நாலு காரியம். மேலே வருவது, மல்லாந்து மூச்சு வாங்குவது, கரை எந்தப் பக்கம் என்று பார்ப்பது, திரும்பிப் போய் எதையாவது பிடிப்பது. இந்த நாலும் பதறாமல் வந்துவிட்டால், கையும் காலும் அழகாக அடிக்கப் பிறகு எவ்வளவோ நாள் இருக்கிறது.

அப்பாக்களில் சிலர் ஒரு யோசனை சொல்வார்கள். 'எங்கப்பா என்னைக் கிணத்துல தூக்கிப் போட்டாரு, ரெண்டே நாள்ல கத்துக்கிட்டேன். நீங்களும் தூக்கிப் போடுங்க மிஸ்.' கிணற்று நீச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன், நம் ஊரில் இருந்ததிலேயே நல்ல நீச்சல் பள்ளிக்கூடம் அது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று முழுதாக நினைத்துப் பாருங்கள். முதுகில் சுரைக்குடுக்கையோ இரண்டு நெற்றுத் தேங்காயோ கட்டியிருப்பார்கள். இடுப்பில் கயிறு இருக்கும், கயிற்றின் மறுமுனை மேலே பெரியப்பா கையில் இருக்கும். கீழே தண்ணீருக்குள் மாமாவோ சித்தப்பாவோ நின்று நீந்திக்கொண்டிருப்பார். படிக்கட்டில் உட்கார்ந்து காலை அடித்துக்கொண்டு, பெரிய பிள்ளைகள் குதிப்பதைப் பல நாள் பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் பிறகுதான் ஒருநாள் தள்ளிவிட்டார்கள். தள்ளியது நினைவிருக்கிறது, முன்னால் நடந்தது மறந்துவிட்டது. அந்த முன்னால் நடந்ததைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். பழக்கமே இல்லாத பிள்ளையைத் தூக்கிப் போட்டால் அது ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும்: பக்கத்தில் நிற்கிற பெரியவரை நம்பக் கூடாது. பிறகு அந்தப் பிள்ளையைத் திரும்பத் தண்ணீரில் இறக்க ஒரு கோடை முழுதும் போதாது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். சாப்பிட மறுத்தால், வீட்டுப்பாடம் எழுத மறுத்தால், 'நாளைக்கு மிஸ்கிட்ட சொல்லி ஆழத்துல தள்ளிவிடச் சொல்றேன்' என்று பிள்ளையிடம் சொல்கிறீர்கள். நிறைய வீடுகளில் சொல்கிறார்கள். பிள்ளைகளே என்னிடம் வந்து, 'தள்ளிவிட மாட்டீங்கள்ல மிஸ்?' என்று கேட்கின்றன. முந்தின நாள் என் கையில் தலையைச் சாய்த்த பிள்ளை மறுநாள் கழுத்தை விறைத்துக்கொண்டு வருகிறது. தயவுசெய்து அந்த ஒரு பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.

கரையில் நின்று கத்துவதும் அப்படித்தான். 'கையை நீட்டு, காலை அடி, பயப்படாதே, அங்க பாரு அந்தப் பொண்ணு எப்படிப் பண்ணுது' என்று நாலு திசையிலிருந்து நாலு குரல் வந்தால் பிள்ளை எதைக் கேட்கும்? தலையைத் தூக்கி உங்களைத் தேடும், தூக்கியதும் கால் தாழும். வீடியோ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 'இங்கே பார்' என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம் இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் எண்ணெய் வைத்துக் கூட்டி வராதீர்கள். குளத்தில் மூக்கைத் துளைக்கிற அந்த வாடை குளோரின் அதிகமானதால் மட்டும் வருவதல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்குகிற குளோரமின்தான் பெரும்பாலும் அந்த வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். இறங்குமுன் கழிப்பறைக்கு அனுப்பி, ஷவரில் நன்றாக நனைத்து அனுப்பினால் எல்லாப் பிள்ளைகளின் கண்ணுக்கும் நல்லது. நாலு இட்லி ஊட்டிவிட்டு உடனே கொண்டுவந்து விடாதீர்கள், பாதி வகுப்பில் வாந்தி எடுக்கும். வகுப்பு முடிந்ததும் கொடுங்கள், எட்டு இட்லி சாப்பிடும். உதடு நீலமாகி நடுங்குகிற பிள்ளையை நேரம் முடியுமுன்னே வெளியே அனுப்பினால், காசு கொடுத்த நேரம் வீணாகிறதே என்று நினைக்க வேண்டாம். சின்ன உடம்பு நம்மைவிட வேகமாகச் சூட்டை இழக்கும், குளிர்ந்த உடம்பு எதையும் கற்காது. துண்டை எடுத்துப் போர்த்துங்கள், அது போதும்.

கையில் மாட்டுகிற காற்றுப் பைகளை வாங்கி வருகிறீர்கள். அதைப் போட்டால் பிள்ளை தண்ணீரில் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டு மிதக்கும். நீச்சலுக்கு உடம்பு படுக்க வேண்டும், இது நிற்கப் பழக்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, பை இல்லாத நாளிலும் பை இருப்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளை இறங்கிவிடுவது.

எந்தக் குளத்தில் சேர்த்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: தண்ணீருக்குள் ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? ஆறு வயதுக்குக் கீழே நாலு பேருக்கு மேல் என்னால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியாது. இரண்டு கையால் ஒரு பிள்ளையைத் தாங்கும்போது மற்ற மூவரும் படியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மூவரும் என் கண்ணில் இருக்க வேண்டும். கோடையில் ஒருவரிடம் பதினைந்து பேரை விடுகிற இடங்கள் இருக்கின்றன. கட்டணம் குறைவாக இருக்கும், ஆனால் அங்கே பிள்ளை பெரும்பாலான நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்து நிற்கும்.

இனிச் சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குக் கீழே. ஐந்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளின் சாவுக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுதான் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. நம் ஊரில் அந்த நாளில் காவிரி ஓடிக்கொண்டிருக்கும், என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள்.

மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோல 'காப்பாத்துங்க' என்று கத்தாது, கையையும் ஆட்டாது. மூச்சு வாங்கவே வாய்க்கு நேரம் போதாது, பிறகு எங்கே கத்துவது? உடம்பு நிமிர்ந்து நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும், கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். பார்க்கிறவருக்கு விளையாடுவது போலத்தான் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். படித்துறையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள் 'சத்தமே கேட்கலையே' என்று பிறகு சொல்வது பொய்யல்ல. சத்தம் வந்திருக்காது.

கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் தரை இருக்காது. குளத்தில் அடியில் ஓடு தெரியும், எந்தப் பக்கம் போனாலும் சுவர் இருக்கும், தண்ணீர் நகராது. குளத்தில் நன்றாக நீந்துகிற பிள்ளைக்கும் ஆறு புதிதுதான். ஒருவர் மூழ்கும்போது காப்பாற்றப் போன அண்ணனும், அவனைக் காப்பாற்றப் போன நண்பனும் சேர்ந்து போன செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். அதனால் என் வகுப்பில் ஆறு வயதிலிருந்தே சொல்லித் தருகிறேன்: யாராவது தண்ணீரில் தவித்தால் நீ குதிக்காதே. பெரியவரைக் கூப்பிட்டுக் கத்து. கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு துண்டையோ துப்பட்டாவையோ வீசு, கையைக் கொடுக்காதே. மூடி போட்ட காலித் தண்ணீர் கேன் இருந்தால் தூக்கிப் போடு. பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் ரொம்பப் பிடிக்கும். ஒருவரை ஒருவர் துண்டால் இழுத்துக் கரை சேர்ப்பார்கள். 'தண்ணிக்கு வெளியில நின்னு என்ன நீச்சல் கிளாஸ்?' என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். வங்கதேசத்தில் ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, ஸ்விம்சேஃப் என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே தேர்ச்சி என்றால் 25 மீட்டர் நீந்துவது, 30 விநாடி மிதப்பது, கூடவே கரையில் நின்றபடி இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிவது. பளிங்கு ஓடு பதித்த குளம் ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

உடுப்போடு நீந்துவதும் அப்படித்தான். முகாமின் கடைசி நாட்களில் பழைய பள்ளிச் சீருடையோடு பிள்ளையை அனுப்பச் சொன்னால் பலர் அனுப்புவதில்லை. நெதர்லாந்தில் பிள்ளைகள் வாங்குகிற முதல் நீச்சல் சான்றிதழுக்கே சட்டையும் காலணியும் போட்டுக்கொண்டு நீந்திக் காட்ட வேண்டும். அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு கால்வாய், அதனால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எந்தப் பிள்ளையும் நீச்சலுடையோடு தவறி விழுவதில்லை என்று. நம் பிள்ளைகளும் பாவாடையோடும் ஜீன்ஸோடும்தான் விழும். நனைந்த துணி காலைச் சுற்றும்போது எப்படி இருக்கும் என்பதை முதல்முதலாக என் கைக்குப் பக்கத்தில் தெரிந்துகொள்ளட்டுமே.

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க மாட்டேன். ஐந்து வயதில் பையன்களும் பெண்களும் சரிபாதியாக வருகிறார்கள். பத்து, பதினொன்று வயதில் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். நீரில் மீன்போலப் போகிற பெண் ஒருத்தி ஒரு கோடைக்கு வருவதில்லை. தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'பெரிய பொண்ணாயிட்டா மிஸ்' என்று அம்மா சொல்கிறார். முழுக்கையும் முழுக்காலும் மூடுகிற நீச்சலுடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. பெண்களுக்கென்று தனி நேரம் கேளுங்கள், பத்து அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் எந்தக் குளமும் கொடுக்கும். மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுக்கட்டும், அதற்காக நீச்சலையே விட வேண்டியதில்லை. படித்துறையில் துணி துவைக்கப் போவதும், தம்பி தங்கையைக் குளிப்பாட்டக் கூட்டிப் போவதும் அவள்தானே? நம் வீடுகளில் நீச்சல் முதலில் தெரிந்திருக்க வேண்டியவள் அவள். அம்மாக்களே, நீங்களும் இறங்குங்கள். முப்பத்தைந்து வயதில் மல்லாக்க மிதக்கக் கற்றவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் கற்கின்றன, வீட்டில் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற பேச்சே மாறிவிடுகிறது.

சரி, ஜூன் மாதத்துக்கு வருகிறேன். தினமும் வரச் சொல்லவில்லை. பள்ளி, டியூஷன், அபாகஸ், இந்தி வகுப்பு எல்லாம் எனக்கும் தெரியும். வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ காலையில் முக்கால் மணி நேரம் போதும். கோடையில் பிடித்ததை உடம்பு விட்டுவிடாமல் இருக்க அது உதவும். கோடையில் கூட்டம் நெருக்குகிற நேரத்தில் கிடைக்காத கவனம், ஆள் குறைந்த ஜூலை மாதத்தில் உங்கள் பிள்ளைக்குத் தாராளமாகக் கிடைக்கும். சளி பிடிக்கும் என்று பாட்டி பயந்தால், தலையை நன்றாகத் துவட்டி, காதைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டுக் கூட்டிப் போங்கள். மூக்கு ஒழுகினால் அந்த வாரம் விட்டுவிடலாம். பணம்தான் தடை என்றால் குளத்து நிர்வாகத்திடம் மாதக் கட்டணத்துக்குப் பதில் வகுப்புக்கு இவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

அதுவும் முடியவில்லை என்றால், ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் ஒரே ஒரு நாள் பிள்ளையைக் கூட்டி வாருங்கள், பழைய சீருடையில். மல்லாக்க எத்தனை நேரம் கிடக்கிறது, எழுந்து சுவருக்கு வந்து சேர்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். அரை நிமிடம் தாங்கவில்லை என்றால் இந்த ஆண்டு படித்துறையில் அதன் கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். தாங்கினாலும் கை எட்டுகிற தூரத்திலேயே நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் நீச்சல் மிஸ்,
திருச்சி